அறைக்குள் முகக்கவசம்: சிங்கப்பூரின் மூன்றாண்டு விதிகளும் மக்கள் கேட்ட கேள்விகளும்

2020 ஏப்ரலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் இருந்த தமிழ் முதியவர்களுக்கு கொவிட் முகக்கவச விதிகளை எடுத்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் நியமிக்கவில்லை. லிஃப்ட் வாசலில் ஒரு பாட்டி கேட்டார், சொன்னேன். மறுநாள் அவர் இன்னும் இருவரை அழைத்துவந்தார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குழு, அதன் வழியாக வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருந்த தம்பிகளின் கேள்விகள் என்று மூன்று ஆண்டுகள் ஓடின. தெருவில் மாஸ்க் போடுவதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. லிஃப்ட், கடை, கோயில், அலுவலகம், உணவங்காடி, பேருந்து என்று நான்கு சுவருக்கு உள்ளே என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் குழப்பமாக இருந்தது. அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அடுத்து ஒரு கிருமி வந்தால் இவையே திரும்பவும் கேட்கப்படும் என்று நம்புகிறேன்.

எந்தத் தேதியில் என்ன விதி இருந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 நோயாளி 2020 ஜனவரி 23 அன்று உறுதிசெய்யப்பட்டார். பிப்ரவரி 1 முதல் வீட்டுக்கு நான்கு முகக்கவசங்கள் வழங்கப்பட்டன; உடல்நலம் குன்றினால் அணிந்துகொள்ள என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏப்ரல் 7 அன்று நோய்ப்பரவலை முறியடிக்கும் கட்டுப்பாடுகள் தொடங்கின. ஏப்ரல் 14 முதல் வீட்டை விட்டு வெளியே வரும் எவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டமானது. அப்போது உள்ளே, வெளியே என்ற பிரிவே கிடையாது. வாசலைத் தாண்டினால் கட்டாயம்.

அந்தப் பிரிவு 2022 மார்ச் 29 அன்றுதான் வந்தது. அன்று முதல் திறந்தவெளியில் விருப்பம், கட்டடத்துக்குள் கட்டாயம். ஏப்ரல் 26 முதல் வேலையிடத்தில் பிறருடன் நேரில் பழகாத நேரத்திலும், வாடிக்கையாளர் வராத பகுதியிலும் கழற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆகஸ்ட் 29 முதல் கடைத்தொகுதி, பள்ளி, அலுவலகம் எல்லாவற்றிலும் விருப்பமாகியது. மருத்துவமனை, பலதுறை மருந்தகம், தாதிமை இல்லம் போன்ற இடங்களும் பேருந்து, ரயிலும் மட்டும் மிச்சமிருந்தன. 2023 பிப்ரவரி 13 அன்று பேருந்து, ரயிலிலும் விதி நீங்கியது. நோயாளிகள் இருக்கும் மருத்துவப் பகுதிகளில் மட்டும் அது தொடர்ந்தது.

முதலில் "நலமாக இருந்தால் மாஸ்க் வேண்டாம்" என்றார்களே. பிறகு ஏன் மாற்றிப் பேசினார்கள்?

என்னிடம் கோபத்தோடு கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கோபப்பட்டதில் நியாயமும் இருந்தது. பிப்ரவரியில் நாளிதழிலும் சுவரொட்டியிலும் "நலமாக இருப்பவர்களுக்குத் தேவையில்லை" என்று படித்தவர்கள், ஏப்ரலில் அதையே அணியாவிட்டால் அபராதம் என்று கேட்டார்கள்.

இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. முதலாவது, கிருமியைப் பற்றிய அறிவு. இருமல், காய்ச்சல் வந்த பிறகுதான் ஒருவர் மற்றவருக்குப் பரப்புவார் என்று எண்ணியிருந்தார்கள். 2003-இல் வந்த சார்ஸ் நோய்க் காலத்து அனுபவமும் அப்படித்தான் இருந்தது. மார்ச் மாதத்துக்குள், அறிகுறி தெரிவதற்கு முன்பே, சிலரிடம் அறிகுறியே தெரியாமலும்கூடப் பரவுகிறது என்பது தெளிவாகிவிட்டது. நோயாளி மட்டும் அணிந்தால் போதும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது, ஏனென்றால் தான் நோயாளி என்பது அவருக்கே தெரியாது. இரண்டாவது, இருப்பு. தொடக்கத்தில் உலகெங்கும் அறுவை முகக்கவசங்களுக்குத் தட்டுப்பாடு; தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் முதலில் கிடைத்தாக வேண்டும். ஏப்ரல் 3 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பேசியபோது, நலமாக இருப்பவர்கள் அணிவதை இனி அரசாங்கம் தடுக்காது என்றார். துவைத்து அணியும் முகக்கவசங்களையும் வீட்டுக்கு வீடு கொடுக்கத் தொடங்கினார்கள்.

மருத்துவ ஊழியர்களுக்காகச் சேமிக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொன்னார்கள்தான். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது "தேவையில்லை" என்ற ஒரே சொல். "உங்களுக்கும் பயன் உண்டு, ஆனால் இப்போதைக்குத் தாதியருக்கு விட்டுக்கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் நம் மக்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள். எங்கள் புளோக்கில் மட்டும் எத்தனை வீடுகளில் பழைய சட்டையைக் கிழித்து மாஸ்க் தைத்தார்கள் என்பதைப் பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

வெளியே கழற்றலாம், உள்ளே கூடாது என்று ஏன் பிரித்தார்கள்?

வீட்டில் சாம்பிராணி போடும்போது கவனியுங்கள். பால்கனியில் போட்டால் இரண்டு அடி தள்ளி நிற்பவருக்கும் மணம் மங்கலாகத்தான் வரும். காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். கதவு, சன்னல் சாத்திய அறையில் போட்டால் மூலையில் படுத்திருப்பவருக்கும் வந்துவிடும். போட்டவர் அறையை விட்டுப் போன பிறகும் வெகுநேரம் இருக்கும். நாம் பேசும்போது, பாடும்போது, வெறுமனே மூச்சு விடும்போதுகூட வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். சிறியவை சாம்பிராணிப் புகையைப் போல மிதக்கும், மூடிய இடத்தில் சேரும். கொவிட் கிருமி அவற்றில் பயணம் செய்தது.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் கூடிப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. முடிவில் அவரோடு சேர்த்து 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். ஒரே ஒருவர் அறுபது பேரையும் தொட்டிருக்கவோ அத்தனை பேர் முகத்திலும் தும்மியிருக்கவோ முடியாது. எல்லோரும் ஒரே காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பாடினார்கள். உள்ளே எது வேறுபடுகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன்.

அப்படியானால் விதியின் பொருள் இதுதான்: காற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில், அதில் நாம் என்ன கலக்கிறோம் என்பதைக் குறைத்துக்கொள்வது. கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

"உள்ளே" என்பதன் எல்லை எது? புளோக்கின் கீழ்த்தளம் உள்ளேயா, வெளியேயா?

2022 மார்ச்சில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் திறந்த கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், கூரையிட்ட நடைபாதை எல்லாம் "வெளியே" என்றுதான் கணக்கு. மேலே கூரை இருந்தாலும் பக்கவாட்டில் காற்று ஓடுகிறது. அலுவலகக் கட்டடம், கடைத்தொகுதி, பேருந்து, ரயில் "உள்ளே". லிஃப்டும் உள்ளேதான். இதைப் பலர் மறந்தார்கள்: கீழ்த்தளத்தில் கழற்றிய மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டே லிஃப்டுக்குள் ஏறிவிடுவார்கள்.

எல்லோரையும் குழப்பியது உணவங்காடி நிலையமும் காப்பிக்கடையும். சுவரே இல்லாத இடம், மேலே மின்விசிறி, பக்கத்தில் தெரு. ஆனாலும் அவை "உள்ளே" என்றே வைக்கப்பட்டன. கூட்டமாக, அருகருகே, நீண்ட நேரம் உட்கார்ந்து பேசும் இடம் என்பது சுகாதார அமைச்சு சொன்ன காரணம். எனக்கு அது சரியாகவே பட்டது. சுவர் இருக்கிறதா என்பதைவிட எத்தனை பேர், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம்.

சாப்பிடும்போது எல்லோரும் கழற்றிவிடுகிறோம். பிறகு உணவு வரும்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன அர்த்தம்?

"கிருமிக்கு நாம் எப்போது சாப்பிடுகிறோம் என்று தெரியுமா" என்று ஒரு மாமா கேட்டார். கேள்வி நியாயமானது. கிருமிக்குத் தெரியாது, ஆனால் நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஒரு மேசையில் நாற்பது நிமிடம் இருக்கிறீர்கள், சாப்பிட எடுப்பது பதினைந்து நிமிடம் என்றால், மீதி இருபத்தைந்து நிமிடம் அரட்டை. அரட்டையில்தான் துளிகள் அதிகம் வருகின்றன, வாயை மூடி மெல்லும்போது குறைவு. விதி அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் குறிவைத்தது. ஆபத்தை முழுவதும் நீக்கவில்லை, குறைத்தது. நிலைமை மோசமானபோது, 2021 மே 16 முதல், உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். மாஸ்க் கழற்றும் நேரம்தான் பிரச்சினை என்பதை அந்த முடிவே காட்டுகிறது.

முகக்கவசம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது, ஆனால் எவ்வளவு என்பது என்ன மாஸ்க், எப்படி அணிகிறீர்கள், எங்கே அணிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன இரு தரப்பினரும் மக்களைக் குழப்பினார்கள் என்பது என் எண்ணம். இரண்டு ஆய்வுகளைப் பார்ப்போம்.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஏறக்குறைய 6,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டுக்கு வெளியே அறுவை முகக்கவசம் அணியச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து அணியச் சொல்லப்பட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று. வேறுபாடு சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள். மாஸ்க் வீண் என்பவர்கள் எடுத்துக்காட்டியது இதைத்தான். ஆனால் அந்த ஆய்வு அணிந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டுமே அளந்தது. அவர் அணிந்ததால் அருகில் இருந்தவர் தப்பித்தாரா என்பதை அளக்கவில்லை. சுற்றியிருந்த மற்றவர்களில் பெரும்பாலோர் அணியாத காலம் அது.

பங்ளாதேஷில் நடந்த ஆய்வு வேறு மாதிரி. 600 கிராமங்கள், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் இலவசமாக மாஸ்க் கொடுத்து, அணியும்படி தொடர்ந்து நினைவூட்டினார்கள். சரியாக அணிபவர்களின் பங்கு 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தது. பாதிக்கும் குறைவானவர்கள் அணிந்தே, அறிகுறியோடு உறுதியான தொற்று ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்தது. அறுவை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் 11 விழுக்காடு. அந்தக் கிராமங்களில் 60 வயதைத் தாண்டியவர்களிடையே 35 விழுக்காடு. துணி முகக்கவசத்தின் பயன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இந்த 35 என்ற எண்ணை நான் குழுவில் பலமுறை அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுப் பாட்டி தாத்தாக்களின் வயது அது.

எந்த வகையை அணிய வேண்டும்? துணி, அறுவை, என்95?

என்95 என்பது மிகச் சிறிய துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும் தரத்தைக் குறிக்கும் பெயர். முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று ஒழுகும். கூட்டமான மூடிய அறையில், நோயுற்றவரைப் பார்த்துக்கொள்ளும்போது அதுவே நல்லது. அன்றாடப் பேருந்துப் பயணத்துக்கு அறுவை முகக்கவசம் போதும், மூக்குக் கம்பியை அழுத்தி வளைத்துவிட வேண்டும். துணி என்றால் மூன்றடுக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் அப்படித்தான் பரிந்துரைத்தது. முன்னால் மூச்சுவிடும் வால்வு வைத்த மாஸ்க் உங்களைக் காக்கும், எதிரில் இருப்பவரைக் காக்காது: வெளிவிடும் காற்று வடிகட்டப்படாமல் வந்துவிடும்.

முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் போதாதா?

போதாது. மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடும் முகக்கவசம் என்பதுதான் விதி. முந்தானை, துப்பட்டா, கைக்குட்டை எல்லாம் பேச ஆரம்பித்தவுடன் நழுவிவிடும். முகத்துக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் முகத்தடுப்பும் 2020 ஜூன் 2க்குப் பிறகு மாஸ்க்குக்கு மாற்றாக ஏற்கப்படவில்லை, சில விதிவிலக்குகள் தவிர.

அந்த விதிவிலக்குகள் யாருக்கு?

மாஸ்க் அணிந்துகொண்டிருக்கச் சிரமப்படும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், மூச்சுச் சிரமம் போன்ற உடல்நலக் காரணம் உள்ளவர்கள், வகுப்பறையில் நின்ற இடத்திலிருந்தே பாடம் எடுப்பவர்கள் ஆகியோர் முகத்தடுப்பு அணியலாம் என்றார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. தொடக்கத்தில் 2 வயது என்றிருந்த எல்லையை 2020 அக்டோபரில் 6 வயதாக உயர்த்தினார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும். காதில் மாட்டும் வார் ஒன்றே அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கும். விதி அவர்களுக்கு இடம் கொடுத்தது. பேருந்தில் முறைத்துப் பார்த்தவர்கள் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பிள்ளையோடு வெளியே போவதையே பல மாதங்கள் நிறுத்திவிட்டார். விதியைப் பின்பற்றாத ஒருவரைக் கண்டால் அவருக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

காது கேளாதவர்களுக்கு உதட்டசைவு தெரியாமல் போனதும் பெரிய இழப்பு. அவர்களோடு பேசும்போது சற்றுத் தள்ளி நின்று முகத்தடுப்பு அணிவது, எழுதிக் காட்டுவது, வாய்ப்பகுதி தெரியும் மாஸ்க் அணிவது என்று வழிகள் இருந்தன.

பேசும்போது மட்டும் கீழே இறக்கிக்கொள்ளலாமா?

கூடாது. எல்லோரும் செய்த தவறு இது. தொலைபேசி வந்தால் இறக்குவது, கடைக்காரருக்குக் கேட்கவில்லை என்றால் இறக்குவது. பேசும்போதுதான் துளிகள் அதிகம் வெளிவருகின்றன. மௌனமாக இருக்கும்போது அணிந்து பேசும்போது கழற்றுவது, மழை நின்றபோது குடை பிடித்து மழை கொட்டும்போது மடக்குவதற்குச் சமம். கேட்கவில்லை என்றால் குரலை உயர்த்துவதைவிடச் சொற்களைப் பிரித்து மெதுவாகச் சொல்லுங்கள்.

கோயிலில், திருமணத்தில் என்ன விதி?

வழிபாட்டு இடமும் மண்டபமும் "உள்ளே" என்பதால் மாஸ்க் கட்டாயம். ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு இருந்தது. 2021 மே 16 முதல் கட்டுப்பாடுகள் இறுகியபோது வழிபாட்டு இடங்களிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் பாடுவதையும், ஊதி வாசிக்கும் கருவிகளையும் நிறுத்திவைத்தார்கள். நம் சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நாதஸ்வரம் முழுக்க முழுக்க மூச்சு. கெட்டிமேளம் கொட்டலாம், மேலே அந்த நாதம் இல்லை. தேவாரம் பாடிப் பழகியவர்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்காஜிட் பாடகர் குழுவுக்கு நேர்ந்தது நம் பஜனைக் குழுவுக்கும் நேர்ந்திருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள்தான். தைப்பூசத்திலும் அப்படியே. 2021, 2022 இரண்டு ஆண்டுகளும் பாத ஊர்வலம் இல்லை; 2023 பிப்ரவரி 5 அன்று பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் மீண்டும் கிளம்பின. அன்று ஊர்வலம் முடியும் டேங்க் ரோட்டில் நின்றிருந்த முதியவர்களில் பலர், கட்டாயம் இல்லாதபோதும் மாஸ்க் அணிந்திருந்தார்கள்.

அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடுகிறது. காற்று மாறிக்கொண்டுதானே இருக்கிறது?

இல்லை, மிகப் பரவலான தவறான எண்ணம் இது. சுவரில் மாட்டிய குளிர்சாதனப் பெட்டி அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் விடுகிறது. வெளிக்காற்று ஒரு சொட்டும் உள்ளே வருவதில்லை. குளிர் போய்விடும் என்று கதவு, சன்னலையும் அடைத்துவிடுகிறோம். சிறிய அலுவலகம், துணைப்பாட நிலையம், முடிதிருத்தகம், கடைவீட்டின் மாடி அறை எல்லாம் இந்த வகை. பெரிய கட்டடங்களின் மத்திய குளிர்சாதனத்தில் வெளிக்காற்றைக் கலக்கும் ஏற்பாடு உண்டு; அதைக் கூட்டலாம், வடிகட்டியை மேம்படுத்தலாம்.

மாஸ்க்கோடு செய்யக்கூடியது எளிது: ஒரு சன்னலைக் கொஞ்சம் திறந்து, மின்விசிறியை வெளிநோக்கித் திருப்பி வையுங்கள். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி இருந்தால், அறையில் நாம் எவ்வளவு பழைய மூச்சைச் சுவாசிக்கிறோம் என்று அது காட்டிக்கொடுக்கும். மாஸ்க்கும் காற்றோட்டமும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

தங்குவிடுதிகளில் மாஸ்க் போட்டும் ஏன் அவ்வளவு பேருக்கு வந்தது?

இதை என்னிடம் கேட்டவர் விடுதியிலேயே இருந்த ஒரு தம்பி. "அண்ணே, நாங்களும் போட்டோம். கழுவிக் கழுவிப் போட்டோம். ஏன் எங்களுக்கு மட்டும்?"

பதில் கசப்பானது. ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கும் மேல், இரண்டடுக்குக் கட்டில்களில் தூங்கினார்கள். சமையலறை, குளியலறை பொது. மாஸ்க் என்பது நுழைந்து, சிறிது நேரம் இருந்து, கிளம்பிவிடும் இடத்துக்கான பாதுகாப்பு. தூங்கும்போது யாரும் அணிய முடியாது. எட்டு மணி நேரம் ஒரே காற்றைப் பன்னிரண்டு பேர் பகிர்ந்துகொண்டால், பகலில் அணிந்ததன் பயன் இரவில் கரைந்துவிடும். 2020 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3 லட்சத்து 23 ஆயிரம் ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் வெளியே சமூகத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் அவர்கள் மாதக்கணக்கில் விடுதியை விட்டு வெளியேற முடியாமல் இருந்தார்கள்.

அந்தத் தம்பி எந்த விதியையும் மீறவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது இடமும் காற்றும். பிறகு புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பைக் குறைத்தார்கள். முகக்கவச விதியைப் பற்றி யார் பேசினாலும் இந்த விடுதிகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அணியாவிட்டால் எவ்வளவு அபராதம்?

முதல் முறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மறுமுறை 1,000 வெள்ளி. மோசமான மீறல்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2020 ஏப்ரல் 7 அன்று நிறைவேறிய கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தின்கீழ் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சிலர் சிறைக்கும் போனார்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அனுமதியே ரத்தாகும் ஆபத்து இருந்தது. ஊரில் கடன் வாங்கி வந்த ஒருவருக்கு 300 வெள்ளியைவிட அதுதான் பெரிய தண்டனை.

என் வீட்டுக்குள் அணிய வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் அவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் ஒரே அறையில் இருக்கும்போது அணிவது நல்லது.

டாக்ஸி, பள்ளிப் பேருந்து?

2022 ஆகஸ்ட் 29 முதல் இரண்டிலும் விருப்பம். பொதுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் மட்டும் 2023 பிப்ரவரி 13 வரை கட்டாயம் நீடித்தது.

ஜொகூர் பாருவுக்குப் போகும்போது, திருச்சிக்கு விமானம் ஏறும்போது?

மலேசியாவில் கட்டடத்துக்குள் முகக்கவசம் 2022 செப்டம்பர் 7 அன்று விருப்பமாகியது. ஆகையால் செப்டம்பர் முதல் வாரத்தில் எல்லையோர உட்லண்ட்ஸ் கடைத்தொகுதியில் கழற்றியவர், பாலத்தைத் தாண்டியதும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியாவில் விமானத்துக்குள் கட்டாயம் என்ற விதி அந்த ஆண்டு நவம்பர் 16 வரை இருந்தது. எங்கே இறங்குகிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பயணத்துக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர் அனுப்பிய பழைய வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மாஸ்க் போடுவது கொவிட் கொண்டுவந்த புதுப் பழக்கமா?

இல்லை. அதன் வரலாற்றில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பினாங்கில் 1879-இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தே. 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. அது மூச்சுக்காற்றின் வழியாக ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே பரவுகிறது என்று கண்ட அவர், பஞ்சும் வலைத்துணியும் வைத்த முகக்கவசத்தை எல்லோரையும் அணியச் சொன்னார். எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்று நம்பிய, வயதில் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. முகக்கவசம் அணியாமலேயே நோயாளிகளைப் பார்த்தார்; சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை 2003-இல் சார்ஸ் வந்தபோது 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் மருத்துவமனை ஊழியர்கள். முகக்கவசத்தின் மதிப்பை இந்த ஊர்த் தாதியர் அப்போதே கற்றுக்கொண்டார்கள்.

கட்டாயம் நீங்கிய பிறகு எப்போது அணிவது?

சளி, இருமல் இருக்கும்போது வெளியே போயே ஆக வேண்டும் என்றால் லிஃப்டிலும் பேருந்திலும் அணியுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், கைக்குழந்தை உள்ள வீடு என்று தெரிந்தால், உள்ளே நுழையும் முன் நீங்களாகவே கேளுங்கள். "நான் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று விருந்தாளி கேட்பது நல்லது, வீட்டுக்காரர் கூச்சத்தால் கேட்க மாட்டார்.

மருத்துவமனையில் நோயாளிகள் இருக்கும் பகுதிக்குப் போகும்போது வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்து அதன்படி செய்யுங்கள். பையில் எப்போதும் இரண்டு மாஸ்க் வைத்திருங்கள்: ஒன்று உங்களுக்கு, இன்னொன்று வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கும் யாராவது ஒரு தாத்தாவுக்கு.